கையில் எழுதிய எண்

உங்கள் காலடியில் இருக்கிற பையில் துண்டும் நைலான் டிரஸ்ஸும்தானே? ஜிப் மூடவில்லை, அதனால் கண்ணில் பட்டது. அப்படியென்றால் அந்தத் தண்ணீர் விளையாட்டுப் பார்க்குக்குத்தான். இந்தப் பேருந்தில் துண்டோடு ஏறுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் இறங்குவார்கள். நானும் மூன்று வாரத்துக்கு முன்னால் இதே பேருந்தில், இதே சிதம்பரத்தில் ஏறிப் போனேன். இன்றைக்கு அங்கே இறங்கவில்லை. சென்னை வரைக்கும் போகிறேன். சாயங்காலம் குவைத் விமானம்.

பாப்பாவை என்னிடம் கொடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் பின்னால் பெரியவனோடு தூங்கிவிட்டார். நீங்கள் ஒருத்தியாக எவ்வளவு நேரம் மடியில் வைத்திருப்பீர்கள்? கொடுங்கள். பிள்ளை வளர்ப்பதுதான் என் வேலையே.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே பெரிதாக எதிர்பார்த்துக்கொண்டு போகாதீர்கள். நாற்பது ரைடு என்று போர்டில் போட்டிருக்கும். நாலு ஏறினால் போதும் என்று நினைத்துப் போங்கள். இரண்டு மணிக்கு எல்லாப் பிள்ளையும் அழும். அது பார்க்கின் தப்பு இல்லை, உங்கள் தப்பும் இல்லை. வெயில், பசி, வரிசை. அந்த நேரத்தில் மட்டும் திட்டிவிடாதீர்கள். இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு செய்து என்று ஆரம்பிக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அது புரியாது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், குவைத்தில் ஒரு வீட்டில் இருக்கிறேன். ஐந்து வருடம். சாலிம் என்று ஒரு பையன். நான் போய்ச் சேர்ந்தபோது நாற்பது நாள் குழந்தை. என் பேர் தையல்நாயகி. அவனுக்கு அவ்வளவு நீளம் வராது, தையா என்பான். மாதம் ஒரு தடவை அவனைப் பார்க்குக்கு அழைத்துப் போவோம். அவன் அம்மாவும் வருவாள், மேடம். ஆனால் பை, பால், துண்டு, மாற்றுத் துணி, மருந்து எல்லாம் என் பொறுப்பு. எந்த ரைடில் அவன் கண்ணை மூடுவான், எப்போது மூத்திரம் வரும், ஃப்ரைஸில் எவ்வளவு உப்பு வேண்டும், எல்லாம் எனக்குத்தான் தெரியும். ஒரு தடவை கடைத்தெருக் கூட்டத்தில் பிரிந்து போய்விட்டான். காவல்காரன் பிடித்து வைத்து, அம்மா பேர் என்ன என்று கேட்டிருக்கிறான். இவன் தையா என்று சொல்லியிருக்கிறான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காவல்காரன் மேடத்தைப் பார்த்து, நீங்கள்தானே தையா என்றான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மேடத்துக்கு அன்றைக்குத் தலைவலி போல. வீடு வரும்வரை யாரோடும் பேசவில்லை.

அன்றிலிருந்து எங்கே போனாலும் அவன் கையில் என் போன் நம்பரை எழுதிவிடுவேன். முழங்கைக்குக் கீழே, உள்பக்கம். சாதாரணப் பேனா ஆகாது, வியர்வையில் போய்விடும். பார்சல் பெட்டிமேல் எழுதுகிற மார்க்கர் வேண்டும். இதோ, கைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

என் பையனா? இருக்கிறான். செழியன். ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அவன் அப்பா இல்லை. இவனுக்கு ஒன்றரை வயதாகும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதற்கப்புறம் ஆறு மாதத்தில் நான் குவைத் போனேன். பையனை அவருடைய அக்கா வைத்துக்கொண்டாள். வேம்பு என்று பேர். அவளுக்குக் குழந்தை இல்லை, புருஷனும் சரியில்லை, பிறந்த வீட்டோடு வந்துவிட்டவள். நல்லவள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. யாரையுமே குறை சொல்லவில்லை.

நடுவில் ஒரு தடவை வந்தேன். அப்போது அவனுக்கு நாலு வயது. முதல் ஐந்து நாள் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தான். இந்தத் தடவை அப்படி இல்லை. வாசலில் நின்று "வாங்க" என்றான். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. "சாப்டீங்களா?" "உங்களுக்கு ஃபேன் போடவா?" ஒரு தடவைகூட என்னை 'நீ' என்று சொன்னதில்லை. வேம்புவைத்தான் வா, போ என்பான். "ஏ அத்த, எம் பென்சில எங்க வச்ச?" என்பான். எனக்கே சங்கடமாக இருக்கும். "பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது?" என்று ஒரு நாள் கேட்டேன். அவன் வேம்புவைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்தாள்.

அத்தை என்று கூப்பிடுவதே நான் வருவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால்தான் பழகினானாம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வேம்பு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். சொன்னேனே, நல்லவள். தெருப் பிள்ளைகளிடம் என்னைக் 'குவைத் அம்மா' என்று காட்டுவான். வெளிநாட்டுப் பேரைச் சேர்த்துச் சொல்வதில் அவனுக்கு ஒரு பெருமை.

இந்தத் தடவை நான் மனதில் ஒன்று வைத்துக்கொண்டு வந்தேன். மேடத்திடம் சொல்லவில்லை, வேம்புவிடமும் சொல்லவில்லை. ஒன்றரை மாத விடுமுறை. அதற்குள் இவன் என்னோடு ஒட்டிக்கொண்டால் திரும்பிப் போவதில்லை. ஊரிலேயே ஏதாவது பார்த்துக்கொள்வது. பார்க்குக்கு அழைத்துப்போய், எல்லாம் முடிந்து கடைசியாக ராட்டினத்தில் ஏறி, அது மேலே போய் நிற்கும்போது அவனையே கேட்டுவிடுவது. அம்மா போகட்டுமா, இருக்கட்டுமா? மேலே நிற்கும்போது பிள்ளைகள் பொய் சொல்லாது. சாலிமிடம் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன், எதிர்பார்க்காமல் போங்கள் என்று. ஒரு நாள் என்றால் அது ஒரு நாள்தான். அதன் தலையில் எவ்வளவு ஏற்ற முடியும்?

அன்றைக்கு விடிவதற்குள் வேம்பு எழுந்து எலுமிச்சம்பழச் சோறு கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து எவர்சில்வர் டப்பாவில் அடைத்தாள். அடைத்துவிட்டுக் கேட்டாள்.

"நானும் வரட்டுமா தையலு? அவனுக்குத் தண்ணின்னா பயம். போன வருசம் ஏரியில கால் வழுக்குனதுலேருந்து."

"இல்லண்ணி. வருசம் பூரா நீங்கதான பாக்குறீங்க. ஒரு நாள் ஓய்வா இருங்க."

"எனக்கு இன்னா ஓய்வு? ஒரு ஓரமா ஒக்காந்து பையப் பாத்துக்கறேன்."

"பைய வைக்க அங்க லாக்கர் இருக்கு அண்ணி."

அவளுடைய நல்லதுக்குத்தான் சொன்னேன். முட்டி வலிக்காரி, அந்த வெயிலில் எங்கே நடப்பாள்? டப்பாவைத் துணியில் முடிந்து அவன் கையில் கொடுத்தாள். "பசிச்சா யாரையும் கேட்டுக்கினு நிக்காத. தொறந்து துன்னு" என்றாள்.

பேருந்தில் ஏறியதும் அவன் கையை மடியில் வைத்து நம்பரை எழுதினேன். "கூசுது" என்று நெளிந்தான். ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வந்து மூன்று வாரத்தில் அவன் கையை அவ்வளவு நேரம் நான் பிடித்திருந்தது அப்போதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதினேன். இல்லாவிட்டால் அந்த நம்பரைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன்.

வாசலிலேயே ஒரு தகராறு. வெளிச் சாப்பாடு உள்ளே விட மாட்டார்கள், அதை மறந்துவிட்டேன். குவைத்திலும் அப்படித்தான். காவலுக்கு நின்ற ஆள் டப்பாவை வாங்கி மேஜைமேல் வைத்தார். ஏற்கெனவே அங்கே பத்துப் பதினைந்து டப்பா, கட்டுச்சோற்று மூட்டை.

"திருப்பிக் குடுப்பீங்களா?" என்றான் இவன்.

"போவும்போது எடுத்துக்க தம்பி. அது எங்கியும் ஓடாது."

"எங்க அத்தை டப்பா. மூடியில சொட்ட இருக்கும்."

"சரி ராசா. சொட்டையோடவே தரேன்."

உள்ளே போன பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

முதலில் குட்டி ரயில். பக்கத்தில் நான் இருக்கிறேன், அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் சுற்றுகிற கோப்பை. சாலிம் அதில் மூன்று தடவை ஏறுவான். இவன் ஒரு தடவைக்கே வாந்தி எடுத்தான். என் புடவையில் பட்டுவிட்டது. "சாரி ஆன்ட்டி" என்றான். பள்ளிக்கூடப் பழக்கம், வாயில் வந்துவிட்டது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவதாக அலை அடிக்கிற குளம். குவைத்திலிருந்தே சிவப்பு நைலான் டிரஸ் வாங்கி வந்திருந்தேன். போட்டுவிட்டேன். இடுப்பில் இறுக்கியது. ஐந்து வயது அளவு. என்னமோ, கடையில் அந்த அளவுதான் கைக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு குளத்து ஓரத்தில் நின்றான், நின்றான், அப்படியே நின்றான். தண்ணீர் காலைத் தொடும்போதெல்லாம் ஓர் அடி பின்னால் போனான்.

"சாலிமுக்கு அஞ்சு வயசு. அவன் ஓடிவந்து குதிப்பான் தெரியுமா?"

"சாலிம் யாரு?"

"நான் பாத்துக்கற பையன்."

"அவங்கூட அடிக்கடி வருவீங்களா, இந்த மாதிரி?"

"மாசம் ஒரு தடவை."

தண்ணீரைப் பார்த்தபடியே, "நான் இப்பதான் மொத தடவ" என்றான்.

எனக்கு நேரம் ஓடுகிறதே என்று இருந்தது. இரண்டு மணி ஆகப்போகிறது. கையைப் பிடித்து இழுத்தேன். "வா சாலிம், ஒண்ணும் ஆவாது" என்றேன். அவசரத்தில் பேர் மாறி வருவதுதான், எல்லோருக்கும் வரும். "நான் செழியன்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வீடு தெரியாமல் கதவைத் தட்டியவருக்குச் சொல்வதுபோலச் சொன்னான்.

சரி, பசி, அதனால்தான் என்று நினைத்தேன். படியில் உட்காரவைத்து, "அசையக் கூடாது, ஃப்ரைஸ் வாங்கிட்டு வரேன்" என்று போனேன். வரிசையில் இருபது நிமிடம். உப்பைக் குறைத்துப் போடச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். படியில் அவன் இல்லை.

அதை எப்படிச் சொல்வது? உங்களுக்கும் பிள்ளை இருக்கிறது, சொல்ல வேண்டியதில்லை. நான் வேறு எங்கேயும் தேடவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டு ஓடினேன். நீலத் தண்ணீரில் சிவப்பாக எது அசைந்தாலும் அந்தப் பக்கம் ஓடினேன். எத்தனை பிள்ளைகள் சிவப்பு போட்டிருந்தார்கள் அன்றைக்கு! ஃப்ரைஸ் பொட்டலம் கையிலேயே இருந்தது. அதை ஏன் கீழே போடவில்லை என்று இப்போதும் தெரியவில்லை.

அப்போது ஒலிபெருக்கியில் சொன்னார்கள். செழியன் என்கிற ஏழு வயதுப் பையன் நுழைவாயில் பக்கத்து அலுவலகத்தில் இருக்கிறான், அவனுடைய அம்மா வேம்பு எங்கிருந்தாலும் உடனே வரவும். மூன்று தடவை சொன்னார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் நானும் கூட்டத்தில் வேம்புவைத் தேடினேன். எங்கே போய்த் தொலைந்தாள், பையனைப் பார்த்துக்கொள்ளாமல் என்று. அவளைத்தான் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோமே என்பது அப்புறம்தான் உறைத்தது.

அலுவலகத்தில் ஒரு பெண் இருந்தாள், நீலச் சேலை, கழுத்தில் அட்டை. நாற்காலியில் இவன். மடியில் வேம்புவின் டப்பா. திறந்து பாதி சாப்பிட்டிருந்தான். உதட்டோரம் மஞ்சளாகச் சோறு. அழுத மாதிரியே தெரியவில்லை.

"வேம்புங்களா?"

"இவன் அம்மா."

"அதாம்மா, வேம்புதான? நல்லாப் பாத்துக்கிட்டீங்க போங்க. புள்ள குளத்துலேருந்து கேட்டு வரைக்கும் ஒண்டியா நடந்து வந்து டப்பா மேஜையாண்ட நிக்குது. கையப் பாத்து போன் போடலாம்னா எட்டு நம்பர்தான் இருக்கு. ரெண்டு நம்பர் தண்ணியில அழிஞ்சிட்டாப்ல."

அழியவில்லை. என் மார்க்கர் அழியாது. குவைத் நம்பர் எட்டு எண்தான். ஊருக்கு வந்து வாங்கிய சிம்மின் நம்பர் எனக்கு இன்றைக்கு வரைக்கும் மனப்பாடம் ஆகவில்லை.

அந்தப் பெண் ஒரு நோட்டைத் திருப்பி வைத்தாள். பையன் சொன்ன பேரும் கையெழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். இல்லையென்றால் மேலதிகாரி வர வேண்டும், வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது போன் செய்து, இவள்தான் இவன் அம்மாவா என்று கேட்க வேண்டும். வீட்டில் பெரியவர் யார்? வேம்பு. வேம்புதான் சொல்ல வேண்டும், ஆமாம், அவள்தான் அம்மா என்று.

"நான்தான் வேம்பு" என்றேன்.

அவள் இவன் பக்கம் திரும்பினாள். "தம்பி, இவங்க யாரு?"

வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கிவிட்டுத்தான் சொன்னான். நல்ல பழக்கம். "குவைத் அம்மா."

"எத்தினி அம்மாடா உனக்கு?" என்று சிரித்தாள் அவள்.

இவனுக்கு முகம் மாறிப்போனது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுளைப் பாதியில் மறந்தால் நிற்பார்களே, அப்படி. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டான். "இப்ப யாரச் சொல்லணும்?"

"நான் குவைத்துல வேலை பாத்தேன். அதனால அப்படிக் கூப்புடுவான்" என்றேன் அவளிடம்.

"சரி சரி, போடுங்க கையெழுத்த. பின்னால ஆளு நிக்குது."

வேம்பு என்று போட்டேன். மூன்று எழுத்து. என் பேரைவிடச் சின்னதுதான், ஆனால் முடிக்க நேரமாயிற்று. அவன் நாற்காலியில் இருந்து எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தான். அப்புறம் என் காதருகில் சொன்னான். "அத்தை இந்த மாதிரி எழுதாது. கொம்பு பெருசா போடும்."

வெளியே வந்ததும் அவனாகவே என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனாகவே. நான் கேட்கவில்லை. அதை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். ஒரு கையில் டப்பா, ஒரு கையில் நான். அப்போது எனக்குத் தோன்றியது, நடந்ததெல்லாம் போகட்டும், இன்னும் ராட்டினம் பாக்கி இருக்கிறது என்று.

ஏறினோம். மேலே போய் நின்றது. கடல் தெரிந்தது. காற்று. அவனுக்கு உயரம் பயம் இல்லை, தண்ணீர்தான் பயம். கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, "நம்ப வூடு தெரியுமா?" என்றான். "அது ரொம்ப தூரம்" என்றேன். அப்புறம் கேட்டுவிட்டேன்.

"செழியா, அம்மா குவைத்துக்குப் போகட்டுமா, இங்கயே இருக்கட்டுமா?"

நிறைய நேரம் யோசித்தான். சாலிமாக இருந்தால் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஊரைக் கூட்டியிருப்பான். இவன் யோசிக்கிற பிள்ளை.

"நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி" என்றான்.

"நான் இருந்தா உனக்குச் சந்தோசமா?"

"நீங்க இங்கயே இருந்தா அத்தை எங்க போவும்?"

"எங்க போவும்? வீட்லதான் இருக்கும்."

தலையை ஆட்டினான். ஆனால் அவனுக்குச் சந்தேகம் தீரவில்லை. டப்பா மூடியின் சொட்டையை விரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

"ரேங்க் கார்டுல அத்தைதான் கையெழுத்து போடும். அங்கயும் நீங்க வேம்புன்னு போட்டுடுவீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அது இறங்க ஆரம்பித்துவிட்டது.

இல்லையில்லை, அழவில்லை. ஜன்னல் காற்று. பாப்பா தலைமுடி கண்ணில் படுகிறது.

இன்றைக்குக் காலையில் இரண்டு பேரும் பேருந்து நிலையம் வரைக்கும் வந்தார்கள். வேம்புதான் அழுதாள். அவன் "பத்திரமா போயிட்டு வாங்க" என்று கையை ஆட்டினான். அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். போகாமல் எப்படி இருக்க முடியும், சொல்லுங்கள்? அங்கே சாலிம் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம், மேடம் தினமும் போன் செய்கிறாள். அவன் அவளிடம் போகவே மாட்டான். நானும் எவ்வளவோ சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன், இவங்கதான்டா உன் அம்மா, இவங்களைக் கட்டிக்கோ என்று. நாள் பூராவும் வேலைக்குப் போய்விட்டு வந்து, பிள்ளை ஒட்டவில்லையே என்றால் எப்படி ஒட்டும்? பாவம், அவளுக்கு அது புரியவில்லை.

அதோ, தென்னை மரங்களுக்கு மேலே, ராட்டினம் தெரிகிறது பாருங்கள். உங்கள் வீட்டுக்காரரை எழுப்புங்கள். பையின் ஜிப்பை மூடுங்கள். பாப்பா கையை இப்படி நீட்டச் சொல்லுங்கள். பயப்படாதே கண்ணு, கொஞ்சம் கூசும், அவ்வளவுதான். உங்கள் நம்பரைச் சொல்லுங்கள். மெதுவாக. பத்து எண்ணும் இருக்கிறதா என்று நீங்களே எண்ணிவிடுங்கள். கீழே உங்கள் பேரையும் எழுதிவிடுகிறேன். இருங்கள், நீங்கள் சொல்ல வேண்டாம்.

பாப்பா, உங்க அம்மா பேரு என்ன? சொல்லு.

சொல்லிவிட்டாள் பாருங்கள். போதும். அங்கே வேறு எதையும் எதிர்பார்க்காதீர்கள். இறங்குங்கள், இறங்குங்கள், வண்டி நிற்கிறது.